ஆள் அமர்த்தாமல் சோப்புத் தொழிலை வளர்ப்பது எப்படி?

புதுச்சேரி நகரின் நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் செல்வோர், காகிதப் பட்டை சுற்றிய கைச்சோப்புக் கட்டிகளைக் கடைகளில் காணலாம். வெட்டிவேர், வேம்பு, மஞ்சள், எலுமிச்சைப்புல் என மணத்திற்கொரு பெயர் அவற்றிற்கு உண்டு. ஆசிரமத்தைச் சார்ந்த கைத்தொழில் நிலையங்களும், 1968-இல் நகருக்கு வடக்கே தோன்றிய ஆரோவில்லின் பணிமனைகளும் இத்தகைய பொருள்களுக்கு ஒரு பெயரை ஈட்டித் தந்துள்ளன. ஆரோவில்லின் மரோமா நிறுவனம் 1976-இல் தொடங்கப்பட்டது. புதுச்சேரிக்கு வரும் வெளியூரார் ஊதுவத்தியும் சோப்பும் வாங்கிச் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. இப்பெரிய நிலையங்களின் அருகிலேயே, தாமே காய்ச்சி, தாமே வெட்டி, தாமே விற்கும் தனியாள் தொழிலுக்கும் இடம் உண்டு. அத்தகைய ஒருவருடைய தொழில் ஓரளவு நடைபெறத் தொடங்கியவுடன் எழும் கேள்வியைப் பற்றியே இங்கு ஆராய்கிறோம். கேட்போர் பெருகிவிட்டனர், கை ஒன்றுதான் இருக்கிறது, என் செய்வது என்பதே அக்கேள்வி.

ஓர் ஆளை அமர்த்து என்பதே உடனே கிடைக்கும் அறிவுரை. அதைக் கேட்டுக் கடன் வாங்கி ஆள் வைத்து, எட்டு மாதத்தில் ஆளையும் தொழிலையும் சேர்த்தே நிறுத்திவிடுவது சிறு தொழில்களில் புதிதன்று. குறை பெரும்பாலும் உழைப்பில் இருப்பதில்லை, கணக்கில்தான் இருக்கிறது. ஆதலின் முதலில் கணக்கைப் பார்ப்போம்.

சூடேற்றிக் கொதிக்க வைக்காமல் செய்யும் முறையே கைச்சோப்பில் பெரும்பாலும் கையாளப்படுகிறது. எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய சோடாவின் அளவு வேறு. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128 என்று கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100 ஆக ஒரு கிலோ கலந்தால், வேண்டிய சோடா 162.8 கிராம். தோலை அரிக்காதிருக்கும் பொருட்டு இதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 155 கிராம் மட்டுமே சேர்க்க வேண்டும். தண்ணீர் 340 கிராம். தேங்காய் எண்ணெய் சேர்ந்த சோப்பு உப்பு நீரிலும் நுரைக்கும் என்பதால், கடலோர ஊர்களில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். தண்ணீரை ஒருபோதும் சோடாவின்மேல் ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணையும் கையையும் பொசுக்கிவிடும். அலுமினியப் பாத்திரம் இவ்வேலைக்கு ஆகாது. எவர்சில்வர் பாத்திரமும், கையுறையும், கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். குழந்தைகள் நடமாடும் அடுப்பங்கரை இதற்கு உரிய இடமன்று என்பதைப் பின்னர் வேறொரு காரணத்தாலும் காண்போம்.

மேற்கண்ட ஒரு கிலோக் கலவையின் மொத்த எடை ஏறத்தாழ 1,495 கிராம். இதை 115 கிராம் கட்டிகளாக வெட்டினால் 13 கட்டிகள் கிடைக்கும். ‘நூறு கிராம் சோப்புக்கு 115 எதற்கு?’ என்று கேட்கலாம். வெட்டிய சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் காய வேண்டும். அப்பொழுது நீர் வற்றி எடை குறையும். ஈரத்தோடு நிறுத்து ‘நிகர எடை 100 கிராம்’ என்று அச்சிட்டு விற்றால், வாங்குபவர் வீட்டுத் தராசில் அது 88 கிராமாக நிற்கும். அது எடை மோசம் ஆகும். செய்பவர் வேண்டுமென்று செய்யாவிடினும் சட்டம் அதைப் பொறுக்காது.

இனி, ஒருவர் வாரத்தில் இருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ எண்ணெய் கொண்டு சோப்புச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்திற்கு 78 கட்டிகள் கிடைக்கும். இங்கு நாம் தரும் விலைகள் கணக்கை விளக்கும் பொருட்டு மட்டுமே. அவரவர் தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க. ஒரு கட்டிக்கு ஆகும் செலவு ரூ.35. சந்தையில் தாமே நின்று விற்றால் ரூ.90. கடைக்காரருக்கு மொத்தமாகக் கொடுத்தால் ரூ.60.

கலத்தலுக்கும் வெட்டுதலுக்கும் வாரம் 4 மணி நேரம். ஓரம் சீவி, நிறுத்து, தாள் சுற்ற, கட்டிக்கு மூன்று நிமிடம் வீதம் மற்றொரு 4 மணி நேரம். ஆகச் செய்வதற்கு 8 மணி நேரம். சந்தையிலும் கண்காட்சியிலும் இரண்டு நாள் நின்று விற்றால் 16 மணி நேரம். மொத்தம் 24 மணி நேர உழைப்பில் ரூ.4,290 மிஞ்சும். மணிக்கு ரூ.179 ஆகிறது. அதே 78 கட்டிகளைக் கடைகளுக்குக் கொடுத்தால் மிச்சம் ரூ.1,950தான். ஆனால் கடைகளுக்குச் சென்றுவர 4 மணி நேரமே ஆவதால், 12 மணி நேர உழைப்பில் மணிக்கு ரூ.162 தேறுகிறது. பார்வைக்கு முன்னது இரு மடங்குக்கு மேற்பட்ட இலாபம். மணிக்கணக்கில் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தனியாளுக்கு முதல் என்பது பணம் மட்டுமன்று. அவருடைய நாளும் பொழுதுமே பெரிய முதல். ரூபாய்க் கணக்கை மட்டும் எழுதி மணிக் கணக்கை எழுதாதவருக்கு இவ்வுண்மை புலப்படாது.

சந்தையைத் தவிர்த்ததால் மீந்த 12 மணி நேரத்தை என் செய்வது? இங்கேதான் வளர்ச்சிக்கு வழி திறக்கிறது. மூன்று கிலோ எண்ணெய்க்குப் பதிலாக ஆறு கிலோ எண்ணெயை ஒரே முறையில் கலந்தால் வேலை இரு மடங்காவதில்லை. நிறுப்பதும், கரைசல் ஆறக் காத்திருப்பதும், பாத்திரம் கழுவுவதும் ஏறத்தாழ முன்போலவே. 4 மணி நேரம் 5 ஆகும், அவ்வளவே. கட்டிகளோ வாரம் 156. தாள் சுற்றும் வேலை மட்டும் 8 மணி நேரமாக உயர்கிறது. கடைகளுக்குச் செல்லும் 4 மணி நேரத்தையும் சேர்த்து 17 மணி நேரம். மிச்சம் ரூ.3,900. மணிக்கு ரூ.229.

இக்கணக்கில் எந்த வேலை மிகுந்த பொழுதை விழுங்குகிறது என்று பாருங்கள். காய்ச்சுவது அன்று, தாள் சுற்றுவதே. ஆள் வேண்டும் என்று எண்ணுபவர் பெரும்பாலும் காய்ச்சும் வேலைக்கு உதவி தேடுவார். உண்மையில் முடை வேறிடத்தில் இருக்கிறது. கட்டி முழுவதையும் தாளில் மடித்து ஒட்டுவதை விட்டு, வேண்டிய விவரமெல்லாம் அச்சிட்ட ஒரு பட்டையை நடுவில் சுற்றினால் மூன்று நிமிடம் ஒன்றரை நிமிடமாகும். வாரத்தில் 4 மணி நேரம் மீளும். 13 மணி நேர உழைப்பில் அதே ரூ.3,900, அதாவது மணிக்கு ரூ.300. ஓர் ஆளையும் அமர்த்தாமல், ஒரு பொறியையும் வாங்காமல், மணிக்கு 162 ரூபாயாக இருந்த உழைப்பின் பயன் 300 ஆகிவிட்டது.

இனி ஆள் அமர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் இதே தராசில் நிறுப்போம். நாள் கூலி ரூ.400, மாதம் 26 நாள் என்றால் ரூ.10,400. கட்டிக்கு 25 ரூபாய் மிச்சம் வரும் தொழிலில் அக்கூலி ஈடாவதற்கே மாதம் 416 கட்டிகள், வாரம் 96 கட்டிகள், கூடுதலாக விற்றாக வேண்டும். அந்த 96 கட்டிகளும் ஆறு வாரம் அலமாரியில் காய்ந்து கிடக்கும் ஆதலால், 576 கட்டிகளின் அடக்க விலையான ரூ.20,160 கூடுதலாக முடங்கும். கூலியோ முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டியது. இந்த ஆறு வார இடைவெளியில்தான் கைமாற்றும் தண்டல் வட்டியும் வீட்டிற்குள் நுழைகின்றன. ஆள் அமர்த்துவது தவறு என்று நாம் சொல்லவில்லை. விற்பனை முன்னே சென்று ஆள் பின்னே வர வேண்டும். இது தலைகீழானால் ஆபத்து.

ஆள் இல்லாவிடினும் முடங்கும் பணம் உண்டு. வாரம் 156 கட்டி செய்பவரின் அலமாரியில் எப்பொழுதும் 936 கட்டிகள் காய்ந்துகொண்டிருக்கும். அவற்றின் அடக்க விலை ரூ.32,760. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கடன் கிடைக்கும். இத்தேவைக்கு அது போதுமானது. இதற்குமேல் பெருங்கடன் வாங்கிக் கலவை இயந்திரம் வாங்குவது தனியாளுக்கு வேண்டாத சுமை என்பதே நமது கருத்து.

தொழிலில் பருவமும் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றியது 1674-இல். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1688-இல், பதினான்காம் லூயி மன்னனின் அரசு பிரான்சு நாட்டுச் சோப்புத் தொழிலுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒலிவ எண்ணெயன்றி வேறு கொழுப்புச் சேர்க்கலாகாது, ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சோப்புச் சாலைகள் இயங்கலாகாது என்பன அதன் கட்டளைகள். கோடை வெப்பம் சோப்பின் தரத்தைக் கெடுக்கும் என்பதே அடைப்புக்குக் காரணம். மர்சேல் நகரத்துச் சோப்பு இன்றளவும் பெற்றிருக்கும் புகழுக்கு இக்கண்டிப்பும் ஒரு காரணம். நமது கடற்கரையில் பகை வெப்பம் அன்று, ஈரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் காற்று நனைந்திருக்கும். சோப்பிலுள்ள கிளிசரின் அவ்வீரத்தை ஈர்ப்பதால் கட்டிகள் வியர்த்தாற்போல் நீர் கோக்கும், எளிதில் காயா. ஆனால் புதுச்சேரிக்கு வெளியூரார் திரண்டு வருவதோ டிசம்பர் மாதக் கடைசியிலும் ஆங்கிலப் புத்தாண்டிலும். எனவே ஆண்டிறுதிக்கு வேண்டிய சரக்கை ஆகஸ்டு மாதத்திற்குள் வெட்டி, செப்டம்பருக்குள் காயவைத்து, ஈரம் புகாத பெட்டியில் அடைத்துவிடுதல் நலம். மழை மாதங்களைக் கணக்கெழுதவும், பட்டை அச்சிடவும், கடைக்காரரிடம் பாக்கி வசூலிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

வகைகளைப் பெருக்குவதில் ஒரு மயக்கம் உண்டு. பன்னிரண்டு மணத்தில் சோப்பு வைத்திருப்பவருக்குப் பன்னிரண்டு வகைப் பட்டை, பன்னிரண்டு கலவைக் குறிப்பு, விற்காமல் தங்கும் பன்னிரண்டு மிச்சம். வாங்குவோர் பெரும்பாலும் மூன்று நான்கு வகைகளுக்குள்ளேயே சுற்றி வருவர். தனியாள் நான்கு வகையோடு நிற்பதே உத்தமம். முகப்பூச்சு, தலைக்கழுவி, களிம்பு என்று கிளை விடுவதிலும் எச்சரிக்கை தேவை. நீர் சேர்ந்த களிம்புகளில் கிருமி எளிதில் வளரும். சோப்பைப்போல அவை தம்மைத்தாமே காத்துக்கொள்ளா.

நமது பகுதியிலேயே இதற்கு முன்னோடிகள் உள்ளனர். இரயில்வே மருத்துவராகச் சென்னையில் பணியாற்றிய வி. பி. சித்தன், 1969-இல் தம் குடும்பத்தாரின் மூலிகைத் தைலத்தைக் கொண்டு வீட்டிலேயே ஒரு சோப்புச் செய்தார். அதுவே மெடிமிக்ஸ். அதே 1969-இல் அகமதாபாத்தில் அரசுப் பணியில் இருந்த வேதியியலாளர் கர்சன்பாய் படேல், வீட்டின் பின்புறத்தில் சலவைத் தூள் கலந்து, மிதிவண்டியில் வீடு வீடாகக் கொண்டு சென்று விற்றார். அது நிர்மா ஆயிற்று. புதுச்சேரிக்கு அடுத்த கடலூரில் சி. கே. ரங்கநாதன் 1983-இல் ரூ.15,000 முதலோடு தொடங்கிய சிக் ஷாம்பு, அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன் காட்டிய சிறு பொட்டல வழியைப் பின்பற்றி ஊர்தோறும் பரவியது. இம்மூவரும் பின்னர் பெருந்தொழிலதிபர்களாயினர் என்பதைச் சொல்லியே இளைஞர்களை ஊக்குவது வழக்கம். நமக்குப் பயன்படுவது அவர்களுடைய முதல் ஆண்டுகள். முதல் இருவரும் மாதச் சம்பளத்தை விடாமல், கிடைத்த பொழுதில் தொழிலை வளர்த்தனர். மூவரும் தொடக்கத்தில் ஒரே ஒரு பொருளில் முழுக் கவனத்தையும் வைத்தனர்.

அக்காலத்திற்கும் இக்காலத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரையைப் படித்தவர் இடர்ப்படக்கூடும். விற்பனைக்குக் குளியல் சோப்புச் செய்ய, 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழ், 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். உரிமமின்றிச் செய்து விற்பது தண்டனைக்குரியது. உரிமத்திற்குரிய இடம் குடியிருக்கும் வீடாகவோ, வீட்டோடு உள்வழியாக இணைந்த இடமாகவோ இருக்கலாகாது. மருந்தாளர் பட்டயமோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட மேல்நிலைக் கல்வியோ போன்ற தகுதி பெற்ற ஒருவர் நேரில் மேற்பார்க்க வேண்டும். உரிய தகுதி இருப்பின் தொழில் செய்பவரே அவ்வொருவராக இருக்கலாமா என்பதை உரிமம் வழங்கும் அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளலாம். ‘படை நீக்கும், சொறி ஆற்றும்’ என்று பட்டையில் அச்சிட்டால் அது அழகுப் பொருள் என்ற எல்லையைக் கடந்து மருந்தாகக் கருதப்படும். அவ்வாசகங்களை விட்டுவிடுவதே அறிவுடைமை.

தனி இடம் கட்டத் தனியாளிடம் பணம் ஏது என்ற ஐயம் நியாயமானதே. விதிகளிலேயே இதற்கொரு வாயில் இருக்கிறது. லோன் லைசென்சு என்று வழங்கும் இரவல் உரிமம் அது. சொந்தத் தயாரிப்புக் கூடம் இல்லாதவர், உரிமம் பெற்ற வேறொருவருடைய கூடத்தைப் பயன்படுத்தித் தம் பெயரில் பொருள் செய்துகொள்ள இது இடமளிக்கிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. தையல், ஊறுகாய், சோப்பு என்று பத்து நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்கி அனுப்பிவிடுவதால், வீட்டு அடுப்பங்கரையில் சட்டத்திற்குப் புறம்பாகச் சோப்புக் காய்ச்சுவோர் எண்ணிக்கைதான் கூடும். அதற்குப் பதிலாக, ஒரு மகளிர் கூட்டமைப்போ கூட்டுறவுச் சங்கமோ முறைப்படி உரிமம் பெற்று ஒரு கூடம் நடத்தட்டும். தனித்தனியே தொழில் செய்யும் பெண்கள் ஐவர், இரவல் உரிமம் பெற்று, ஆளுக்கொரு நாள் அங்கு தத்தம் சோப்பைச் செய்துகொள்ளலாம். தராசு, கலக்கும் பாத்திரம், காயவைக்கும் அலமாரி, தகுதி பெற்ற மேற்பார்வையாளர் ஆகிய எல்லாம் பொது. பெயரும் வாடிக்கையும் அவரவருடையது. ஒருவர் மற்றொருவருக்குக் கூலியாள் ஆக வேண்டியதில்லை. 1953-இல் அமைந்த அகில இந்திய கதர் கிராமத் தொழில் வாரியம், சமையலுக்கு ஆகாத எண்ணெயில் சோப்புச் செய்வதை ஒரு கிராமத் தொழிலாக ஏற்று வளர்த்தது. பொதுக்கூடம் என்பது நமக்கு அந்நியமான எண்ணம் அன்று.

வரி விஷயத்தில் புதுச்சேரியாருக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. பொருள் விற்போர் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை ரூ.40 இலட்சம் வரை சரக்கு சேவை வரிப் பதிவின்றி இருக்கலாம். புதுச்சேரியில் அவ்வெல்லை ரூ.20 இலட்சம். தனியாளின் சோப்பு விற்பனை அதை எட்டாது. ஆனால் மாநில எல்லை தாண்டி விற்றால் விற்பனை எவ்வளவு சிறிதாயினும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. முத்தியால்பேட்டையில் சோப்புச் செய்பவர் கோட்டக்குப்பத்துக் கடைக்கு நடந்தே போய்ச் சரக்குக் கொடுத்துவரலாம். கால் நடக்கும் தூரமாயினும் கோட்டக்குப்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது, ஆகவே அது வெளிமாநில விற்பனை. நகரத்துக் கடைக்கே விற்று, வெளியூரார் அங்கு வந்து வாங்கிச் செல்வதாயின் இச்சிக்கல் இல்லை. கடைகளை நகருக்குள்ளேயே தேர்ந்துகொள்வதால் தனியாளின் நடையும் குறையும். எடையளவுத் துறையில் பொதியாளராகப் பதிவு செய்துகொள்வதும் மறக்கலாகாது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தரகரை அணுக வேண்டா.

விவசாயிகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாரம் 156 கட்டி செய்யும் ஒருவருக்கு 12 கிலோ எண்ணெய் வேண்டும். அதில் தேங்காய் எண்ணெய் மட்டும் 7.2 கிலோ, அதாவது ஏறத்தாழ எண்பது தேங்காய். நல்லெண்ணெய் 3.6 கிலோ. விளக்கெண்ணெய் 1.2 கிலோ. ஐவர் சேர்ந்தால் வாரம் நானூறு தேங்காய்க்கு ஒரு நிலையான கேள்வி உண்டாகிறது. 2025-ஆம் ஆண்டில் தேங்காய் எண்ணெய் விலை கடுமையாக உயர்ந்ததை யாவரும் அறிவர். அவ்வாறு உயரும்போது, விலை ஏற்றத்திற்கு முன் செய்துகொண்ட உடன்பாடு செய்பவரையும், இறங்கும்போது அதே உடன்பாடு விவசாயியையும் காக்கும். ஆண்டுக்கு ஒருமுறை செக்கு உரிமையாளரையும் சேர்த்து மூவரும் அமர்ந்து விலை பேசிக்கொள்வது நன்று. கடலூர்க் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் வெட்டிவேர் பயிராகிறது. எண்ணெய் வடிக்க அனுப்பியது போக எஞ்சும் சிறு வேர்களையும் தூளையும் சோப்புக்காரர் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்வார். அளவு சிறிதாயினும் தரகரின்றிக் கிடைக்கும் பணம் அது. வேரைத் தரும்போது மண்போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, அறுவடை செய்த மாதத்தை ஒரு சீட்டில் எழுதிக் கட்டிக் கொடுத்தால், சோப்பின் ஒவ்வொரு தொகுதிக்கும் குறிப்பு வைக்க வேண்டியவருக்கு அச்சீட்டு மிகவும் உதவும்.